லம்போர்கினி எல்எம்002: 7 வருடம், 300 வண்டி. இதைத் தோல்வி என்று சொல்லலாமா?

பழைய_கராஜ் | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. போன வாரம் இன்னொரு இழையில் "லம்போர்கினி முதன்முதலில் செய்த எஸ்யூவி உரூஸ்தான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்று பேர் மறுத்தார்கள். ஆனால் மூன்று பேருமே எல்எம்002 என்ற பெயரைச் சொல்லிவிட்டு, "அது விற்காத வண்டி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பல வருடமாக நான் தேடித் தேடிப் படித்த வண்டி அது. அதன் கதையை ஒரு தடவை முழுதாக எழுதிவிட்டு, விற்பனைக் கணக்கையும் வைத்துப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

இந்த வண்டி பணக்காரர்களுக்காகப் பிறந்ததல்ல. ராணுவத்துக்காகப் பிறந்தது. 1970-களில் அமெரிக்க ராணுவம் பழைய ஜீப்புக்குப் பதிலாக ஒரு புது வண்டி தேடிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் இருந்த மொபிலிட்டி டெக்னாலஜி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அதற்கு ஒரு வடிவமைப்பை வைத்துக்கொண்டு லம்போர்கினியோடு சேர்ந்தது. அதில் வந்ததுதான் 'சீட்டா'. 1977 ஜெனீவா கண்காட்சியில் நிறுத்தினார்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது, மணலில் ஓட்டுகிற பக்கி மாதிரி ஒரு உருவம். பின்பக்கம் கிரைஸ்லரின் 5.9 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்.

தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. கனமான எஞ்சினைப் பின்னால் வைத்ததால் முன்சக்கரத்துக்குப் பாரம் போதவில்லை, வண்டி சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. போதாக்குறைக்கு எஃப்எம்சி என்ற அமெரிக்க நிறுவனம், இது தங்களுடைய எக்ஸ்ஆர்311 வண்டியின் நகல் என்று வழக்குப் போட்டது. ராணுவம் வாங்கவில்லை. 1983-ல் அந்த ஒப்பந்தம் ஏஎம் ஜெனரலுக்குப் போனது, அதுதான் நாம் இன்று ஹம்வீ என்று சொல்லும் வண்டி.

அதே நேரத்தில் லம்போர்கினி பிஎம்டபிள்யூவுக்காக எம்1 காரைச் செய்து தர ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வேலை இழுத்துக்கொண்டே போனதால் 1978-ல் பிஎம்டபிள்யூ விலகிக்கொண்டது. எம்1-க்கு வைத்த பணமும் கவனமும் சீட்டாவுக்குப் போனது என்றுதான் அந்தக் காலத்தைப் பற்றி எழுதியவர்கள் பலரும் சொல்கிறார்கள். அதோடு கம்பெனி திவாலானது. கம்பெனியைத் தொடங்கிய பெரூச்சோ லம்போர்கினி அதற்குச் சில வருடம் முன்பே தன் பங்கையெல்லாம் விற்றுவிட்டு ஒதுங்கியிருந்தார்.

1980-ல் கம்பெனி மிம்ரான் சகோதரர்கள் என்ற தொழிலதிபர்கள் கைக்கு வந்தது. இங்கேதான் எனக்கு வியப்பு. மூடிப்போன கம்பெனியை எடுத்தவர்கள், தோற்றுப்போன திட்டத்தை முதலில் குப்பையில் போடுவார்கள் என்றுதான் நினைப்போம். இவர்கள் அதைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். 1981-ல் எல்எம்001 வந்தது, எஞ்சின் இன்னும் பின்னாலேயே, இந்தத் தடவை அமெரிக்க ஏஎம்சி கம்பெனியின் வி8. அதே பழைய நோய். மசராட்டியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஜூலியோ அல்ஃபியேரிதான் அப்போது தொழில்நுட்பத் தலைவர். எஞ்சினை முன்னால் கொண்டுவந்து, அமெரிக்க வி8-க்குப் பதிலாக தங்கள் ஸ்போர்ட்ஸ் காரான கவுன்டாச்சின் வி12-ஐயே வைத்தார்கள். 1982-ல் எல்எம்ஏ002. அந்த 'ஏ' என்பது இத்தாலியில் 'முன்பக்கம்' என்று பொருள்படும் சொல்லின் முதலெழுத்து.

அதன்பிறகு நான்கு வருடம் தட்டித் தட்டிச் செதுக்கினார்கள். இடையில் எல்எம்003 என்று டீசல் எஞ்சின் வைத்துப் பார்த்தார்கள், இழுவை போதவில்லை. எல்எம்004 என்று படகு எஞ்சினான 7 லிட்டர் வி12-ஐயும் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் 1986 ஜனவரி, பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் எல்எம்002. 5,167 சிசி, 48 வால்வு, ஆறு வெபர் கார்புரேட்டர், சுமார் 450 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். எடை 2,700 கிலோ. 200 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். பெட்ரோல் டாங்க் 290 லிட்டர். உள்ளே முழுக்கத் தோல், ஏசி, கூரையில் பொருத்திய ஸ்டீரியோ. பின்பக்கம் திறந்த தொட்டி, அதிலும் ஆள் உட்கார இடம்.

1993 வரை உற்பத்தி. எண்ணிக்கை 300 சொச்சம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காக வடிவமைத்தார்களோ அந்த ஆள் வாங்க மறுத்த பிறகும், வேறொரு ஆளைக் கண்டுபிடித்து 300 வண்டி விற்றிருக்கிறார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வைகைக்கரை | பதிவு 2

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் சார். வரலாற்றில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, முடிவில்தான் இருக்கிறது.

7 வருடத்துக்கு 300 என்றால் வருடத்துக்கு 43, மாதத்துக்கு மூன்றோ நான்கோ. 1970-ல் ரேஞ்ச் ரோவர் வந்துவிட்டது, 1979-ல் மெர்சிடிஸ் ஜி. "வசதியானவர்களுக்கு ஒரு நான்கு சக்கர இழுவை வண்டி" என்ற சந்தை எல்எம்002 வருவதற்கு முன்பே இருந்தது. சந்தை இருந்தும் மாதம் நான்கு வண்டிதான் போனது என்றால் பிரச்சினை வண்டியில்தான்.

ராணுவத்துக்கு விலை அதிகம். பண்ணை வைத்திருப்பவருக்கு அந்த வி12 எதற்கு? நகரத்தில் ஓட்ட 2 மீட்டர் அகலம். மீதி இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் அரச குடும்பங்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள். மைக் டைசன் வைத்திருந்தார், டினா டர்னர் வைத்திருந்தார். இந்த மாதிரி வாங்குபவர்களை உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சில நூறு பேர்தான் வருவார்கள். அந்தச் சில நூறு பேருக்கு விற்றுவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் வளர இடமே இல்லாத வண்டி.

கணக்குப்பிள்ளை | பதிவு 3

இரண்டு பேருமே 300-ஐத் தனியாக வைத்துப் பேசுகிறீர்கள். அந்த ஆலையின் மற்ற வண்டிகளோடு வைத்துப் பார்த்தால்தான் அளவு புரியும்.

முதலில் எண்ணிக்கை. லம்போர்கினி தன் வெளியீடுகளில் 300 என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் புழங்குவது பெரும்பாலும் 328. 301 என்றும் பார்த்திருக்கிறேன். மாதிரி வண்டிகள், கடைசிக்காலத்து அமெரிக்க வண்டிகள் என்று எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில் இந்த மாதிரி வித்தியாசம் வருவது சின்ன ஆலைகளில் சகஜம். கணக்குக்கு 300 என்றே வைத்துக்கொள்வோம்.

கவுன்டாச் 1974 முதல் 1990 வரை 16 வருடம் ஓடியது. மொத்தம் 2,000-க்குச் சற்றுக் குறைவு. வருடத்துக்குச் சுமார் 120. உலகத்தில் பாதிப் பையன்கள் சுவரில் ஒட்டியிருந்த காரே அவ்வளவுதான். ஜால்பா என்று ஒன்று இருந்தது, கவுன்டாச்சைவிட விலை குறைவு, நிறைய விற்கவேண்டும் என்றே செய்தது. 1981 முதல் 1988 வரை 410 கார். இதற்கெல்லாம் முன்னால் 1968 முதல் 1978 வரை வந்த எஸ்படா என்ற நான்கு பேர் உட்காரும் கார் 1,217 போனது, அதுவரை வந்த லம்போர்கினிகளில் அதுதான் அதிகம் விற்றது.

இப்போது 300-ஐப் பாருங்கள். நிறைய விற்கச் செய்த ஜால்பாவுக்கு 410, யாருக்கு விற்பதென்றே தெரியாமல் செய்த எல்எம்002-க்கு 300. கவுன்டாச் விற்ற வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. வைகைக்கரை சொல்கிற "மாதம் நான்கு" என்பது ரேஞ்ச் ரோவர் ஆலையில் அவமானம். லம்போர்கினி ஆலை இருக்கும் இத்தாலிய ஊரான சாந்தாகதா போலோனீசில், மாதம் நூறு கார்கூடச் செய்ய முடியாத அந்த ஆலையில், அது ஒழுங்கான ஒரு மாடல்.

எஸ்படா கணக்கைச் சும்மா சொல்லவில்லை. குடும்பத்தோடு போகிற மாதிரி ஒரு லம்போர்கினி செய்தால் விற்கும் என்பது அந்தக் கம்பெனிக்கு 1970-களிலேயே கண்முன் இருந்த பாடம்.

மணல்காற்று | பதிவு 4

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. ஆனால் இந்த வண்டியை என் கையால் தொட்டு வேலை பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

1991-ல் ஷார்ஜா போனேன். தொழிற்பேட்டையில் ஒரு கராஜ், பதிமூன்று வருடம் அங்கே. அந்தப் பதிமூன்று வருடத்தில் இரண்டு எல்எம்002 எங்களிடம் வந்தது. ஒன்று கறுப்பு, ஒன்று மணல் நிறம்.

கார்புரேட்டர் வேலை தெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஆறு வெபர், ஒவ்வொன்றிலும் இரண்டு வாய், மொத்தம் பன்னிரண்டு. பன்னிரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கவேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எஞ்சின் நடுங்கும், பிளக் கரியாகும். எங்கள் மேஸ்திரி ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் வைத்துச் சத்தம் கேட்டே சரிபண்ணுவார். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆகிவிடும். அதுவும் எஞ்சின் சூடாக இருக்கும்போது செய்யவேண்டிய வேலை, வெளியே 45 டிகிரி. இத்தனை செய்து அனுப்பினால் அடுத்த வெள்ளிக்கிழமை மணல்மேட்டில் ஏற்றுவார்கள். பொடிமணல் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போயிருக்கும். திரும்ப வரும்.

அடுத்தது கிளட்ச். அந்த எஞ்சின் மேலே சுற்றினால்தான் முழு பலம் தரும். மணலில் மெதுவாக ஏறவேண்டும், வண்டியோ 2,700 கிலோ. ஓட்டுபவர் என்ன செய்வார்? எஞ்சினை உறுமவிட்டு அரை கிளட்சில் ஏற்றுவார். தட்டு எரிந்த வாசனையோடுதான் வண்டி வந்து நிற்கும்.

அப்புறம் டயர். பிரெல்லி இந்த வண்டிக்கென்றே செய்த ஸ்கார்ப்பியன், 345/60, 17 அங்குலம். காற்று இறங்கிப்போனாலும் கொஞ்ச தூரம் ஓட்டலாம், வெயில் தாங்கும், வேகமும் தாங்கும். அவ்வளவு எடையும் அவ்வளவு வேகமும் மணலும் சேர்ந்த ஒரு டயரை அதற்கு முன்னால் யாரும் கேட்டதே இல்லை. கறுப்பு வண்டிக்கு ஒரு டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. வேறு எந்த வண்டியின் டயரும் பொருந்தாது. இத்தாலியில் இருந்து வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது, அதுவரை ஜாக்கியில்தான் நின்றது.

இவ்வளவும் குறையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த இரண்டு முதலாளிகளும் வீட்டில் வேறு பத்து வண்டி வைத்திருந்தார்கள். ஆனால் இது கராஜில் இருக்கும்போது மட்டும் தினமும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். லேண்ட் குரூசரை அப்படிப் பார்க்க யாரும் வந்ததில்லை.

சின்னவன்_07 | பதிவு 5

மணல்காற்று அண்ணே, இந்த இழையிலேயே சிறந்த பதிவு உங்களுடையதுதான். இன்னும் எழுதுங்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். அப்போது விலை என்ன? அமெரிக்காவில் 80-களில் பணம் புரண்டது என்கிறார்கள், அங்கே ஏன் ஆயிரக்கணக்கில் விற்கவில்லை?

பழைய_கராஜ் | பதிவு 6

மணல்காற்று அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு நான் எழுதியதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றியது. நன்றி அண்ணே.

தம்பிக்குப் பதில். அமெரிக்காவில் 80-களின் இறுதியில் விலை சுமார் 1,20,000 டாலர். 1987-ல் ரேஞ்ச் ரோவர் அமெரிக்காவுக்கு முதன்முதலாக அதிகாரபூர்வமாக வந்தபோது விலை 31,000 டாலருக்குள். நான்கு ரேஞ்ச் ரோவர் வாங்குகிற காசு.

அதே 1987-ல் மிம்ரான் சகோதரர்கள் கம்பெனியைக் கிரைஸ்லருக்கு 2.5 கோடி டாலர் சொச்சத்துக்கு விற்றுவிட்டார்கள். கிரைஸ்லர் வந்ததும் அமெரிக்காவுக்கென்றே எல்எம் அமெரிக்கன் என்று ஒரு வகை செய்தார்கள். பம்பர், சக்கரம், உள் அலங்காரம் எல்லாம் மாற்றி, சுமார் 60 வண்டி. அதாவது மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு வகையே.

ஆனால் கிரைஸ்லரின் மனசு, கவுன்டாச்சுக்கு அடுத்த காரான டியாப்லோவில் இருந்தது. 1990-ல் டியாப்லோ வந்ததும் ஆலையின் ஆட்களும் பணமும் அங்கே போய்விட்டது. எல்எம்002-ஐ மேம்படுத்தி அடுத்த தலைமுறை செய்ய யாரும் முன்வரவில்லை. ஆர்டர் வந்தால் செய்தார்கள், அவ்வளவுதான்.

எனக்கு இன்றும் ஆறாத ஒரு விஷயம் பந்தயம். பாரிஸ்–டாக்கார் பாலைவனப் பந்தயத்துக்காக ஒரு எல்எம்002-ஐத் தயார் செய்தார்கள். எடையைக் குறைத்து, கூண்டு கட்டி, எஞ்சினை ஏற்றி, ஓட்டுவதற்குச் சாந்த்ரோ முனாரி. ராலி உலகத்தில் லான்சியா ஸ்ட்ராடோஸ் கார் என்றாலே நினைவுக்கு வருகிற மனிதர். டாக்கார் போவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. எகிப்தின் ஃபாரோ ராலியிலும் கிரேக்கத்தில் ஒரு பந்தயத்திலும் மட்டும் ஓடியது. ஒரே ஒரு தடவை டாக்காரில் முழு தூரம் ஓடியிருந்தால், அதுவும் தொலைக்காட்சியில் மணலைக் கிளப்பிக்கொண்டு அந்த வி12 சத்தத்தோடு, இந்த வண்டியின் பெயர் வேறு இடத்தில் இருந்திருக்கும். மிட்சுபிஷி பஜேரோவுக்கு டாக்கார் செய்ததை நினைத்துப் பாருங்கள்.

வைகைக்கரை | பதிவு 7

கணக்குப்பிள்ளையின் ஜால்பா ஒப்பீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். "பிரச்சினை வண்டியில்தான்" என்று நான் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். காலமும் ஒரு காரணம்.

வண்டி அறிமுகமானது 1986 ஜனவரி. கச்சா எண்ணெய் விலை 1985 கடைசியில் பீப்பாய் 30 டாலருக்கு அருகில் இருந்தது, 1986 நடுவில் 10 டாலர் பக்கம் விழுந்தது. சாதாரணமாகப் பார்த்தால் பெட்ரோல் குடிக்கிற வண்டிக்கு இது நல்ல செய்தி. ஆனால் எல்எம்002 வாங்கக்கூடியவர் பெட்ரோல் போடும் ஆள் அல்ல, பெட்ரோல் விற்கும் ஆள். வளைகுடாவில் வருமானம் சரிந்த அதே மாதங்களில் இது சந்தைக்கு வந்தது. ஐந்து வருடம் முன்னால், 1981-ல், எல்எம்001-க்குப் பதிலாக இதே வண்டி தயாராக இருந்திருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொண்டு அவர்கள் வீணாக்கிய வருடங்களுக்கு அதுதான் விலை.

மணல்காற்று | பதிவு 8

நான் போவதற்கு முந்தைய காலம் அது. ஆனால் 86, 87-ல் அங்கே வேலை குறைந்து நிறைய பேரை ஊருக்கு அனுப்பிய கதையை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொல்வது பொருந்துகிறது.

சின்னவன்_07 | பதிவு 9

அப்படியானால் உரூஸ் எப்படி இந்தப் போடு போடுகிறது? அதே கம்பெனி, அதே ஊர், விலையும் குறைவில்லை. நம் ஊரிலேயே 2020 ஜூலையில் ரஜினிகாந்த் உரூஸ் ஓட்டும் படம் வந்தபோது அந்தப் பெயரைத் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எல்எம்002-வின் வாரிசு என்று கம்பெனியே விளம்பரம் செய்கிறதே. அப்பன் 300, பிள்ளை எத்தனை?

கணக்குப்பிள்ளை | பதிவு 10

உரூஸ் பற்றிக் கம்பெனி தந்த கணக்கு இது, உலகம் முழுக்க ஒப்படைத்த வண்டிகள்:

2017-ல், உரூஸ் விற்பனைக்கு வருவதற்கு முன், லம்போர்கினியின் மொத்த விற்பனை 3,815. 2018-ல் உரூஸ் பாதி வருடம்தான் போனது, அதற்கே 1,761. 2019-ல் மொத்தம் 8,205, அதில் உரூஸ் மட்டும் 4,962. 2020 நோய்க்காலம், உரூஸ் 4,391. பிறகு 5,021, 5,367 என்று ஏறி, 2023-ல் 6,087. அந்த வருடம்தான் கம்பெனியின் மொத்த விற்பனை முதன்முதலாகப் பத்தாயிரத்தைத் தாண்டி 10,112 ஆனது. 2024-ல் மொத்தம் 10,687, உரூஸ் 5,662. முதல் நான்கு வருடத்திலேயே 20,000 உரூஸ் செய்து முடித்துவிட்டார்கள்.

எல்எம்002-வின் 7 வருட விற்பனையை உரூஸ் 2023-ல் மூன்று வாரத்துக்குள் செய்துவிடுகிறது. இந்தியாவில் 2018 ஜனவரியில் 3 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள், 2021 மார்ச்சில் நூறாவது உரூஸை ஒப்படைத்தார்கள். இந்தியா என்ற ஒரு நாட்டில், மூன்று வருடச் சொச்சத்தில், எல்எம்002-வின் உலக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு.

வைகைக்கரை | பதிவு 11

தம்பி, "வாரிசு" என்ற வார்த்தையை நான் ஏற்கமாட்டேன். உரூஸுக்கு அப்பன் போர்ஷே கெயென்.

2002-ல் போர்ஷே கெயெனைக் காட்டியபோது ரசிகர்கள் அழாத குறை. பந்தயக் கார் கம்பெனி இப்படிச் செய்யலாமா என்று கேட்டார்கள். 2020 டிசம்பரில் பத்து லட்சமாவது கெயென் ஆலையை விட்டு வெளியே வந்தது. கெயென் விற்ற வேகத்தைப் பார்த்துத்தான் பென்ட்லி, லம்போர்கினி எல்லாம் இறங்கின. உரூஸின் அடித்தளம் எது? ஆடி க்யூ7, கெயென், பென்ட்லி பென்டைகா, ஃபோக்ஸ்வேகன் டுவாரெக் எல்லாம் பகிர்ந்துகொள்ளும் அதே எம்எல்பி ஈவோ. எஞ்சினும் அந்தக் குடும்பத்து 4 லிட்டர் டர்போ வி8தான். கவுன்டாச் எஞ்சினைத் தூக்கி, குழாய்ச் சட்டத்தில் வைத்து, கையால் தட்டிச் செய்த எல்எம்002-க்கும் இதற்கும் ஒரு திருகாணிகூடப் பொது இல்லை.

பழைய_கராஜ் | பதிவு 12

வைகைக்கரை, நீங்கள் சொல்கிற தொழில்நுட்ப வரிசை முழுக்கச் சரி. கெயென் இல்லாவிட்டால் உரூஸ் இல்லை. அதில் நான் சண்டைக்கு வரவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். கெயென் வருவதற்கு முன்பே லம்போர்கினி மறுபடியும் முயன்றது. 1994-ல் கிரைஸ்லர் கம்பெனியை மெகாடெக் என்ற நிறுவனத்துக்கு விற்றது, அது இந்தோனேசிய முதலாளிகளுடையது. அவர்கள் காலத்தில் 1997-ல் போர்னியோ என்ற பெயரில் ஒரு எஸ்யூவி திட்டம் எழுந்தது. அதே வருடம் ஆசிய நிதி நெருக்கடி வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. 1998-ல் ஆடி வாங்கியதும் அந்தத் திட்டம் அப்படியே நின்றது. ஆக 1977, 1981, 1986, 1997 என்று நான்கு தடவை, வெவ்வேறு முதலாளிகள் கையில் இருந்தபோதும், அந்த ஆலை இதே எண்ணத்துக்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பணம் இருந்தபோது எண்ணம் சரியில்லை, எண்ணம் சரியானபோது பணம் இல்லை.

ஆடி வந்த பிறகும் பாருங்கள். 2012 ஏப்ரலில் பெய்ஜிங்கில் உரூஸ் மாதிரியைக் காட்டினார்கள். அதை எங்கே செய்வது என்பதே ஒரு போராட்டம். ஆடி, லம்போர்கினி எல்லாம் அடங்கிய ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பெரிய எஸ்யூவிகள் சுலோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா ஆலையில் வருகின்றன. அங்கே செய்வதுதான் செலவு குறைவு. 2015-ல் இத்தாலிய அரசு வரிச்சலுகை தர முன்வந்த பிறகுதான் சாந்தாகதாவிலேயே செய்வது என்று முடிவானது. ஆலையை 80,000 சதுர மீட்டரில் இருந்து 1,60,000-க்கு விரித்தார்கள். 2017 டிசம்பர் 4 அன்று வண்டியை வெளியிட்டார்கள்.

உரூஸ் வாங்குபவர்களில் பத்தில் ஏழு பேர் அதற்கு முன் லம்போர்கினி வைத்திருக்காதவர்கள் என்று கம்பெனி சொல்கிறது. மணல்காற்று அண்ணனின் கராஜுக்குத் தினமும் வந்து நின்ற அந்த இரண்டு முதலாளிகளையும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்களும் கவுன்டாச் வாங்கியிருக்க மாட்டார்கள். பெரிய வண்டி, நான்கு கதவு, ஆனால் லம்போர்கினி. அப்படிக் கேட்கிற ஆள் உலகத்தில் இருக்கிறார் என்பதை முதலில் விற்றுக் காட்டியது எல்எம்002. திருகாணி பொது இல்லை, உண்மை. வாங்குகிற ஆள் பொது.

மணல்காற்று | பதிவு 13

வேலைக்காரன் பார்வையில் ஒரு வார்த்தை. உரூஸுக்கு கார்புரேட்டர் கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர், டயர் கடையில் கிடைக்கும், பேட்டரி இறங்கினால் கம்பெனி வண்டி வீட்டுக்கு வரும். மனைவியும் ஓட்டலாம், பிள்ளையும் ஓட்டலாம். எல்எம்002-ஐ ஓட்ட பலம் வேண்டும், வைத்திருக்கப் பொறுமை வேண்டும், கூடவே எங்கள் மேஸ்திரி மாதிரி ஓர் ஆளும் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் ஊருக்கு ஒருவர்தான் இருந்தார்கள். 300-க்கும் 6,000-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் பாதி அதுதான் என்பேன்.

வைகைக்கரை | பதிவு 14

"வாங்குகிற ஆள் பொது" என்பது எனக்குப் பாதி சம்மதம். அந்த ஆளை எல்எம்002 கண்டுபிடித்தது சரி. ஆனால் அந்த ஆள் இருக்கிறார் என்று அடுத்த 16 வருடம் யாருமே நம்பவில்லை. நம்ப வைத்தது கெயென். இதற்கு மேல் நான் இறங்கி வரமாட்டேன்.

கணக்குப்பிள்ளை, இன்றைய விலை என்ன போகிறது?

கணக்குப்பிள்ளை | பதிவு 15

நல்ல நிலையில் உள்ளவை ஏலத்தில் இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் போகின்றன, எல்எம் அமெரிக்கன் என்றால் இன்னும் கூடும். இருக்கும் எண்ணிக்கையும் குறைந்துகொண்டே வருகிறது. ஈராக்கில் சதாம் உசேனின் மகன் உதய் உசேனுடைய எல்எம்002 ஒன்று இருந்தது. 2004-ல் அமெரிக்கப் படையினர் கார் குண்டு வெடித்தால் சேதம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக அதையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அமெரிக்க ராணுவம் வேண்டாம் என்று சொன்ன வண்டியின் வழித்தோன்றல், கடைசியில் அவர்கள் கையாலேயே போனது.

மணல்காற்று | பதிவு 16

அதைப் படித்ததும் வயிறு என்னவோ செய்தது. அது யாருடையதாக இருந்தால் என்ன, அந்த எஞ்சினைக் கையால் சேர்த்தவர்கள் இருக்கிறார்களே.

சின்னவன்_07 | பதிவு 17

அடுத்த செப்டம்பரில் மேற்படிப்புக்குப் போலோனியா போகிறேன். சாந்தாகதா பக்கத்தில்தான் என்று சொன்னார்கள். நேரில் பார்த்தால் எதையெல்லாம் கவனிக்கவேண்டும் அண்ணே?

பழைய_கராஜ் | பதிவு 18

வாழ்த்துகள் தம்பி. போலோனியாவில் இருந்து 25 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். ஆலையோடு சேர்ந்த அருங்காட்சியகத்துக்குப் போ, எல்எம்002-ஐ அங்கே வைப்பது வழக்கம். பெரூச்சோவின் பெயரில் குடும்பத்தார் நடத்தும் இன்னொரு காட்சியகம் ஃபூனோ என்ற ஊரில் இருக்கிறது, அங்கே டிராக்டர்களையும் பார்த்துவிடு.

வண்டிக்கு முன்னால் நின்று முதலில் பானட்டைப் பார். நடுவில் பெரிய மேடு தெரியும், கார்புரேட்டர்களுக்கும் காற்று வழிக்கும் இடம் விடுவதற்காக எழுப்பியது. அலங்காரம் என்று பலரும் நினைப்பார்கள். அப்புறம் கண்ணாடி வழியாக உள்ளே பார். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஒரு சுவர் மாதிரி எழுந்து நிற்கும், கியர்பெட்டி போகிற வழி அது. ஓட்டுபவரும் பக்கத்தில் இருப்பவரும் தனித்தனி அறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலே ஸ்டீரியோ.

மணல்காற்று | பதிவு 19

டயரைக் குனிந்து பார் தம்பி. இரண்டு வகை உண்டு. கட்டை கட்டையாக வெட்டியிருந்தால் ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவானது. வெட்டு ஆழமில்லாமல் வழவழப்பாக இருந்தால் மணலுக்கென்றே செய்தது. எங்கள் கறுப்பு வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. எந்த வகை என்று பார்த்துவிட்டு ஒரு படம் எடுத்து இங்கே போடு.